ரம் ருசிக்கவில்லையா? பாட்டிலைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

"ரம் எனக்குச் செட் ஆகாது" என்று சொல்பவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். எவ்வளவு புழுக்கமான அறையில் உட்கார்ந்து குடித்தீர்கள்? என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? ஐஸ் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பதில் அங்கேயே கிடைத்துவிடும். சென்னையில் ரம்மைக் கெடுப்பது வெயில், உப்புத் தண்ணீர், வாடை பிடித்த ஐஸ், கசந்துபோன எலுமிச்சை, அப்புறம் அவசரம். பாட்டிலின் முறை கடைசியில்தான் வரும்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்கள், கர்ப்பிணிகள், மாத்திரை மருந்தில் இருப்பவர்கள், அன்றைக்கு வண்டி ஓட்டப்போகிறவர்கள் யாருக்கும் இது இல்லை. கேக் பகுதியில் குழந்தைகளுக்கான மாற்று வழி இருக்கிறது, அதை மட்டும் எல்லோரும் படிக்கலாம்.

எதற்கும் முன்னால்: மூடி சரியாக இருக்கிறதா?

மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, ஹோலோகிராம் ஸ்டிக்கர் கிழிந்தோ ஒட்டுப்போட்டோ இருந்தாலோ, வழக்கமான கடையை விட்டு வேறு எங்கிருந்தோ யாரோ வாங்கி வந்திருந்தாலோ, அந்தப் பாட்டிலை ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் முகர்ந்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை மறந்துவிட வேண்டாம். குடித்த சில மணி நேரத்திலோ மறுநாளோ கண் மங்கினால், வயிறு பிசைந்தால், மூச்சு வாங்கினால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

சீல் சரியாக இருக்கிறதா? இனி மேலே போகலாம்.

"முகர்ந்தாலே மூக்கு எரிகிறது, தொண்டையில் தீ மாதிரி இறங்குகிறது"

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ருசி பார்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ரம்மை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வார்கள். அவர்கள் மனதில் இருக்கும் அறை 18, 20 டிகிரி அறை. மே மாதத்தில் மாம்பலத்திலோ வியாசர்பாடியிலோ மூன்றாவது மாடி வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு அலமாரிக்குள் இருக்கும் பாட்டில் 33, 34 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, வாசனைகளை முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். நீங்கள் முகர்வது ரம்மை அல்ல, அதன் ஆவியை.

நாக்கிலும் இதே கதை. வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது, டிஆர்பிவி1 என்று பெயர். சுமார் 42 டிகிரியைத் தாண்டினால்தான் அது 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டதும் அந்த எல்லை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் உடம்பின் சூடே அதற்கு மேல் என்பதால் வாய் எரிவது போலத் தோன்றுகிறது. மிளகாயின் காரமும் இதே ஏற்பியைத்தான் தட்டுகிறது. ஆகவே சூடான ரம், கூடவே காரமான சிக்கன் 65, தொட்டுக்கொள்ள ஆவக்காய் ஊறுகாய் என்றால் மூன்று பேர் சேர்ந்து ஒரே மணியை அடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் ரம்மின் ருசி கேட்காது.

சரிசெய்யும் முறை இது. பாட்டிலை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருபது நிமிடம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உறையும் குளிரில் வாசனை அடங்கிவிடும். கையில் தொட்டால் மண்பானைத் தண்ணீர் மாதிரி இருந்தால் போதும். கிளாஸ் வாய் குறுகியதாக இருக்கட்டும். வீட்டில் சின்ன ஒயின் கிளாஸ் இருந்தால் அதுவே உத்தமம். டீக்கடை கிளாஸ் மேலே விரிந்து போவதால் வாசனை நிற்காது. 30 மில்லி ஊற்றி ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், கிளாஸை மோவாய்க்கு நேராக வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். வாய் திறந்திருந்தால் எரிச்சல் குறையும்.

அப்புறம் முதல் மிடறு. அது ருசி பார்க்க அல்ல, வாயைப் பழக்க. அரை டீஸ்பூன் அளவு எடுத்து நாக்கு முழுக்கப் பரப்பி விழுங்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மிடறு எடுங்கள். ருசி அதில்தான் தொடங்கும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கிளாஸ் ஊற்றிப் பாருங்கள். ஒன்று அலமாரிச் சூட்டில், இன்னொன்று இருபது நிமிடக் குளிரில். முதல் கிளாஸில் ஸ்பிரிட் வாடை எழும்பும். இரண்டாவதில் முதலில் வெல்லம் காய்ச்சும் அடுப்பு வரும், பின்னால் வெனிலா, கடைசியில் நனைந்த மரக்கட்டை. பாட்டில் ஒன்றேதான்.

"ராவாக அடித்தால்தான் ரம் என்கிறார்கள், எனக்கு முடியவில்லை"

முடியவேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் ஊற்றுவது கௌரவக் குறைச்சல் என்று யாரோ கிளப்பிவிட்டது. 1740இல் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், மாலுமிகளுக்கு ரம்மை அப்படியே கொடுக்கக் கூடாது, ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் போட்டிருந்த முரட்டுத்துணிக் கோட்டை வைத்து 'ஓல்ட் க்ரோக்' என்று கூப்பிடுவார்களாம், அந்தக் கலவைக்கும் 'க்ரோக்' என்றே பெயர் வந்தது. 1970 ஜூலை 31 வரை பிரிட்டிஷ் கடற்படையில் தினசரி ரம் படி இருந்தது. கடலில் கிடந்தவர்களே தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள்.

நம் ஊர் ரம் பாட்டிலில் வழக்கமாக 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று இருக்கும். 30 மில்லியில் இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் 32 சதவீதம் சொச்சத்துக்கு இறங்கும். ருசி பார்க்க எனக்குப் பிடித்த இடம் இதுதான். எரிச்சல் ஒதுங்கும், ருசி நீர்த்துப்போகாது. டீஸ்பூன் டீஸ்பூனாக ஊற்றி ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள், உங்களுக்கான இடம் எது என்று மூக்கே சொல்லும்.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். சென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குழாய்த் தண்ணீரில் சில நாள் குளோரின் தூக்கலாக இருக்கும். இரண்டும் ரம்மில் உடனே தெரியும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். கேன் தண்ணீரை முதலில் தனியாகக் குடித்துப் பாருங்கள், வெயிலில் கிடந்த கேனுக்குப் பிளாஸ்டிக் வாடை இருக்கும்.

"எல்லா ரம்மும் ஒரே மாதிரி இருக்கிறது"

இதில் உங்கள் மீது பாதித் தப்புகூட இல்லை. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் டார்க் ரம் பலவும் ஒரே வழியில் வருகிறவை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, தூண் போன்ற உயரமான வடிகலனில் ஏறக்குறைய வாசனையே இல்லாத அளவுக்குச் சுத்தமாக வடித்து, பிறகு நிறத்துக்குக் கேரமலும் வாசனையும் சேர்ப்பது. அடித்தளம் ஒன்று என்பதால் ருசியும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரிதான் இருக்கும்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வேறு வேறு வழியில் பிறந்த மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜமைக்காவின் பேர்பெற்ற ரம் பானை வடிகலனில் வடிப்பது. அங்கே சில வடிசாலைகளில் முந்தைய வடிப்பின் அடிக்கழிவை அடுத்த ஊறலில் சேர்த்து, நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூடப் புளிக்கவிடுவார்கள். அதனால் பழ வாசனை தரும் எஸ்டர்கள் பெருகி, கனிந்து வெடித்த பலாப்பழம், அழுகத் தொடங்கிய அன்னாசி போன்ற வாசனை வரும். மார்ட்டினிக் தீவின் ரம் பெரும்பாலும் கழிவுப்பாகில் செய்யப்படுவதில்லை, நேராகக் கரும்புச் சாற்றில்தான். 1996 முதல் அதற்குப் பிரெஞ்சு அரசின் தோற்றச் சான்றும் உண்டு. அதை முகர்ந்தால் கரும்பு ஜூஸ் மெஷின் பக்கத்தில் நின்ற ஞாபகம் வரும்: பச்சைச் சக்கை, இஞ்சி, ஈரம். கியூபா வகை வெள்ளை ரம் மெல்லியது, காக்டெயிலுக்கென்றே பிறந்தது.

இந்தியாவிலேயே தேடுவதானால், 1954இல் மோகன் மீக்கின் கொண்டுவந்த ஓல்ட் மங்க் இன்றும் வெனிலா வாசனைக்கு ஒரு அளவுகோல். பெங்களூர் அம்ருத்தின் 'டூ இண்டீஸ்' கரீபிய ரம்மோடு வெல்லத்தில் வடித்ததைச் சேர்த்தது. ஹரியானாவில் கரும்புச் சாற்றிலிருந்து வடித்து மரப்பீப்பாயில் 12 ஆண்டு வைத்த 'கமிகாரா'வும் இருக்கிறது. டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் எது எப்போது கிடைக்கும் என்பது அந்தந்த நேரத்து இருப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் இருந்தால், ஆளுக்கு 2 லிட்டர் வரை வரி கட்டாமல் கொண்டுவரலாம்.

மூக்கைப் பழக்க ரம் வாங்கவே வேண்டாம், சமையலறை போதும். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு தட்டில் ஆறு சின்னக் கிண்ணம் வைப்பேன். உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு, மண்டை வெல்லம் ஒரு துண்டு, தோல் கறுத்த நேந்திரம்பழம், இரண்டு கிராம்பு, கருக வறுத்த தேங்காய்ச் சில், ஊறவைத்த உலர்திராட்சை. ரம்மை ஒரு முறை முகர்ந்ததும் கிண்ணங்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, மறுபடி ரம்முக்கு வருவேன். கிராம்பு கிண்ணத்துக்குப் பிறகு ரம்முக்குள் ஒளிந்திருக்கும் கிராம்பு சட்டென்று எழுந்து நிற்கும். அது கற்பனை அல்ல. கிராம்பின் வாசனைப் பொருளான யூஜினால் ஓக் மரத்திலிருந்தும் ரம்முக்குள் இறங்குகிறது, வெனிலாவின் வனிலினும் அப்படித்தான். வாழைப்பழ வாசனை தருவது ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். வாழைப்பழத்திலும் ரம்மிலும் இருப்பது ஒரே பொருள்.

ஒரு உட்காரலில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் 15 மில்லி. நாலாவதில் மூக்கு ஓய்ந்துவிடும். நடுவில் வெறும் பொரி, தண்ணீர். மசாலா எதுவும் அப்புறம். முடித்துவிட்டு டார்க் ரம்மோடு ஒரு ஸ்பூன் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்டுப் பாருங்கள். சுண்டிய பாலும் பீப்பாயின் வெனிலாவும் ஒன்றுக்கொன்று சொந்தம்.

"கோலா ஊற்றினால் வெறும் இனிப்பு"

கோலா அதிகம், எலுமிச்சை இல்லை, இரண்டும் சூடு. 45 மில்லி ரம், 90 மில்லி கோலா, கால் மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. கிளாஸ் நிறைய ஐஸ். கோலாவைக் கடைசியில், கிளாஸின் ஓரமாக ஊற்றி ஒரே ஒரு முறை கிளறுங்கள். உப்பு ஏன் என்றால், அது கசப்பை அடக்கி மற்ற ருசிகளை முன்னால் தள்ளும். மாங்காய்க்கு உப்பு போடுவதும் இதற்குத்தான்.

பொவொண்டோவோடு குடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளி மார்க்கின் இந்தப் பானத்தில் திராட்சை வாசனை தூக்கல். உலர்திராட்சை வாசனையுள்ள டார்க் ரம்மோடு அது பொருந்துகிற மாதிரி வேறு எந்தக் கோலாவும் பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து. இனிப்பு கூடுதல் என்பதால் பாதி பொவொண்டோ, பாதி வெறும் சோடா. எலுமிச்சையை விடாதீர்கள். பன்னீர் சோடா மட்டும் டார்க் ரம்மோடு வேண்டாம், ரோஜா வாசனை கேரமலோடு மோதி சோப்பு மாதிரி ஆகிவிடும். வெள்ளை ரம்மோடு அது அழகு.

"ஐஸ் போட்டால் மீன் வாடை அடிக்கிறது"

மீனாக இருக்கலாம், இட்லி மாவாகவும் இருக்கலாம். ஐஸ் வாடையை உறிஞ்சும். மூடியில்லாத டிரேயில் மூன்று நாள் கிடந்த ஐஸ்கட்டி ஃபிரிட்ஜில் இருக்கும் எல்லாவற்றின் வாசனையையும் வாங்கி வைத்திருக்கும். மூடியுள்ள டிரே வாங்குங்கள், அல்லது உறைந்ததும் எடுத்து இறுக்கமாக மூடும் டப்பாவில் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பழைய ஐஸ் ஏற்கெனவே இருந்தால், குழாய்த் தண்ணீரில் அல்லாமல் கேன் தண்ணீரில் ஒரு நொடி அலசிப் பயன்படுத்துங்கள், மேல்தோல் வாடை போய்விடும்.

காசிமேட்டிலும் மார்க்கெட்டிலும் மீனுக்குப் போடும் ஐஸ்பாரை உடைத்து எடுத்துவருவதை நான் பார்த்திருக்கிறேன். அது குடிக்கும் ஐஸ் இல்லை. எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம்.

"காக்டெயில் இரண்டு நிமிடத்தில் தண்ணியாகிவிடுகிறது"

ஐஸைக் குறைத்தால் சரியாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இரண்டு கட்டி போட்டால் பானம் குளிரவே குளிராது, அந்த இரண்டும் முழுசாக உருகிப் போகும். கிளாஸ் நிறையப் போட்டால் பானம் சீக்கிரம் குளிர்ந்து, உருகும் வேகம் குறையும். கடையில் வாங்கும் ஐஸ் பாக்கெட் வீடு வந்து சேர்வதற்குள் ஈரமாகிவிடும், ஒட்டியிருக்கும் அந்த நீர் நேராக உங்கள் கிளாஸுக்குப் போகும். வடிகட்டியில் கொட்டி நீரை உதறிவிட்டு, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுக்கிப் பயன்படுத்துங்கள். கிளாஸையும் ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே கிளாஸை வைக்காதீர்கள்.

"டைக்கிரி ஒரு நாள் புளிக்கிறது, ஒரு நாள் கசக்கிறது"

கியூபாவில் சாந்தியாகோ பக்கம் டைக்கிரி என்ற ஊரில் 1898 வாக்கில் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற சுரங்க எஞ்சினியர் கலந்தது என்று சொல்லும் பானம். ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத கலவை. அதனால்தான் ஒவ்வொரு தப்பும் வெளியே தெரிகிறது.

புளிப்பு மாறுவதற்குக் காரணம் 'ஒரு எலுமிச்சை' என்று அளப்பது. நாட்டு எலுமிச்சை ஒன்றில் 10 மில்லி சாறும் வரும், 25 மில்லியும் வரும். கோடையில் வரும் சின்ன, கெட்டித் தோல் பழம் ஒன்று, மழைக்குப் பின் வரும் மெல்லிய தோல் பழம் வேறொன்று. மில்லியில் அளந்து ஊற்றுங்கள். அளக்கும் கோப்பை இல்லாவிட்டால் இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி போதும், 5, 10 மில்லிக் கோடுகள் அதில் இருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள்.

கசப்புக்குக் காரணம் கை. கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழியும்போது தோலின் எண்ணெயும் வெள்ளைச் சதையின் கசப்பும் சேர்ந்து இறங்கும், விதை நசுங்கினால் இன்னும் மோசம். பழத்தை உள்ளங்கையால் மேசையில் உருட்டி, நறுக்கி, இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு நிறுத்துங்கள். சாற்றை வடிகட்டி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். காலையில் பிழிந்த சாறு ராத்திரிக்கு ஆகாது.

60 மில்லி வெள்ளை ரம், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு. பாகு என்றால் சம அளவு சர்க்கரையும் வெந்நீரும் கலந்து ஆறவைத்தது, கம்பிப்பதம் வேண்டாம். ஷேக்கருக்குப் பதிலாக அகல வாய் கண்ணாடி ஜாடி, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஐஸ் நிறையப் போட்டு, ஜாடியின் வெளிப்புறம் பனி பூத்து விரல் மரத்துப்போகிற வரை குலுக்குங்கள், பதினைந்து விநாடி ஆகும். டீ வடிகட்டியில் வடித்துக் குளிர்ந்த கிளாஸில் ஊற்றுங்கள். புளித்தால் பாகு 5 மில்லி, இனித்தால் சாறு 5 மில்லி. ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள், எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

டார்க் ரம் மட்டும் கையில் இருந்தால் கருப்பட்டிப் பாகு செய்யுங்கள். 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி 100 மில்லி தண்ணீரில் கரையும் வரை சுடவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், துணி இல்லாமல் வடித்தால் கடைசி மிடறு நறநறக்கும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். டார்க் ரம், எலுமிச்சை, கருப்பட்டி, ஒரு துண்டு நசுக்கிய இஞ்சி என்றால் கரீபியனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் ஒரு ருசி வரும். விருந்தினருக்கு நான் முதலில் நீட்டுவது அதைத்தான்.

"மொஹிட்டோ புல் மாதிரி இருக்கிறது"

புதினாவைச் சட்னிக்கு இடிப்பது போல இடித்திருக்கிறீர்கள். இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டால் போதும். காம்பு வேண்டாம்.

"சளிக்கு ரம்மும் மிளகும் குடித்தேன், சளி போகவில்லை"

போகாது. ரம் சளியைக் குணப்படுத்தாது. குடித்ததும் உடம்பு சூடாவது போலத் தெரிவது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிவதால். உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டிருந்தால் கூடவே குடிப்பது ஈரலுக்குக் கெடுதல். மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரையில் இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. குழந்தைக்குத் தேனில் குழைத்து ஒரு துளி கொடுப்பதும் கூடவே கூடாது.

உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மழை ராத்திரிக்கு என்றால் சந்தோஷமாகச் செய்யலாம். சுக்கு, ஏலக்காய், கருப்பட்டி போட்டுக் கொதித்த தண்ணீரை இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு 120 மில்லி எடுத்து, அதில் 30 மில்லி டார்க் ரம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆவி முகத்தில் அடித்து இருமல் வரும்.

"மறுநாள் தலை பிளக்கிறது"

ரம்மை மாற்றினால் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 42.8 சதவீத ரம் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியில், சுத்த ஆல்கஹால் சுமார் 20 கிராம். நம் நாட்டில் ஒரு அளவு பானம் என்று கணக்கிடுவது 10 கிராம். ஆகவே ஒரு லார்ஜ் என்பது ஒன்று அல்ல, இரண்டு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும், அதை மோரும் எலுமிச்சை ஜூஸும் வேகப்படுத்தாது. ஒரு லார்ஜ் இறங்க இரண்டு, மூன்று மணி நேரம். இரண்டாவது எப்போது என்பதை இந்தக் கணக்கு சொல்லட்டும்.

அதோடு சென்னைப் புழுக்கத்தில் வேர்த்து ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். உட்காரும் முன் சாப்பிடுங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சொம்பு தண்ணீர். தேங்காய் மாங்காய் போட்ட பட்டாணி சுண்டல், அவித்த வேர்க்கடலை, ஆம்லெட் எல்லாம் நல்ல துணை. வண்டிச் சாவியை முன்கூட்டியே வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, ஒரு லார்ஜ் பலரையும் அதற்கு மேலே கொண்டுபோய்விடும்.

அளவாகக் குடித்தும் தலைவலி வந்தால், குறைக்கவே முடியாமல் போனால், கை நடுங்கினால், அது ரம்மின் கோளாறு பட்டியலில் சேராது. டாக்டரிடம் பேசுங்கள்.

"கேக்குக்கு ஊறப்போட்ட பழம் புளித்த வாடை அடிக்கிறது"

பெரம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பாட்டி அக்டோபர் பிறந்ததும் பரணிலிருந்து பீங்கான் ஜாடியை இறக்குவார். பழத்தைக் கழுவிய நாளிலேயே ஊறப்போட விடமாட்டார். பழைய வேட்டித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்க உலர்த்தி, ஒவ்வொரு திராட்சையையும் விரலால் நசுக்கி ஈரம் பார்த்த பிறகே ஜாடிக்குள் போடுவார். அவர் காரணம் சொன்னதில்லை. பிறகு எனக்குப் புரிந்தது. பழத்தின் ஈரமும் சாறும் ரம்மை நீர்த்துப்போகச் செய்து, ஆல்கஹால் 15 சதவீதம் பக்கம் இறங்கிவிட்டால் ஈஸ்ட் உயிர் பிழைத்து, ஜாடிக்குள் மறுபடி புளிக்கத் தொடங்கும்.

சின்னச் சின்னக் குமிழி, புளித்த வாடை, மூடியைத் திறந்தால் 'புஸ்' என்ற சத்தம் என்றால் புளிப்பு தொடங்கிவிட்டது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் பழம் மூழ்கும்வரை ரம் ஊற்றி ஃபிரிட்ஜுக்கு மாற்றி, அந்த வாரமே கேக் போட்டுவிடுங்கள். பஞ்சு மாதிரி பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துப் போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை அரை கிலோ பழத்துக்கு 300 மில்லி ரம், உலர்ந்த கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி, உலர்ந்த மரக்கரண்டி, வாரம் ஒரு முறை கிளறல். முந்திரியைக் கடைசி நாளில் சேருங்கள், முன்பே போட்டால் சவசவத்துவிடும்.

பழம் அடியில் தங்கினால் மாவில் சேர்க்கும் முன் வடிகட்டி, ஒரு பிடி மைதாவில் புரட்டுங்கள். கேக் காய்ந்து போனால் ஆறியபின் ஊசியால் குத்தி இரண்டு டீஸ்பூன் ரம் தெளித்து, பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள். ஒரேயடியாகக் கால் கப் ஊற்றினால் நடுப்பகுதி சொதசொதவென்று கசக்கும்.

வெந்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து ஒரு மணி நேரம் பேக் செய்தாலும் கால் பங்கு நிற்கும். வாழைப்பழத்தில் ரம் ஊற்றிக் கொளுத்தினால் முக்கால் பங்கும் அப்படியே இருக்கும். மேலே தெளித்ததில் பெரும்பகுதி இருக்கும். ஆகவே தெருவுக்கெல்லாம் பங்கு போடும் வீட்டில் இரண்டு கேக் செய்யுங்கள். குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் ஆரஞ்சுச் சாற்றில் ஒரு ராத்திரி மட்டும், ஃபிரிட்ஜுக்குள் ஊறவைத்த பழம். பெரம்பூர்ப் பாட்டி அந்த இரண்டாவது கேக்கின் தலையில் ஒரு முழுச் செர்ரி வைத்திருப்பார், எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்று கேட்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.